முன்பல் இரண்டு

தட்டில் மூன்று பல் வைத்திருக்கிறார் டாக்டரம்மா. பக்கத்துப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளே குழிந்து, யாரோ மூன்று பேர் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி. எதைப் போடலாம் மேகலா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க என்கிறார். என்னைத்தான் கேட்கிறார். நாற்காலி பின்னால் சாய்ந்து கால் தலையைவிட மேலே போய்விட்டது, சேலையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட வேண்டும் போல இருக்கிறது, கை எட்டாது, எழுந்தால்தான் எட்டும், எழுந்தால் என்னவென்று கேட்பார், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். எனக்கும் அவருக்கும் ஒரே வயசுதான் இருக்கும். அவர் படித்துக்கொண்டே போயிருக்கிறார், நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன், இப்போது அவர் நிற்கிறார், நான் படுத்திருக்கிறேன். முந்தின நாலு தடவை வந்தபோது வேரைச் சுத்தம் பண்ணி, மேல் முன்பல் ரெண்டையும் சீவி, ஆணி மாதிரி ஆக்கி, தற்காலிகமாக ப்ளாஸ்டிக் கேப் மாட்டி அனுப்பினார். இன்றைக்கு நிஜ கேப்புக்கு அளவெடுக்கிற நாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார். "இது உள்ளே உலோகம், மேலே பீங்கான். ரொம்ப வருஷமா எல்லாருக்கும் போடுறது. நல்லா உழைக்கும், ஆனா நாளாக ஆக ஈறு மேல ஏறுச்சுன்னா ஓரத்துல கறுப்பா ஒரு கோடு தெரியும். முன்பல்லுங்கிறதால சொல்றேன். இது ஜிர்கோனியா. எதக் கடிச்சாலும் தாங்கும். பாக்கத்தான் கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரி மொத்தையா இருக்கும். இது முழுக்க செராமிக், கண்ணாடி மாதிரி. வெளிச்சம் உள்ள போய் வரும், சொந்தப் பல்லுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனா கெட்டியா எதையாச்சும் கடிச்சா ஓரம் தெறிச்சிடும்." நான் தலையாட்டினேன். எல்லாம் கேட்டேன், ஆனால் சுண்ணாம்பு என்று அவர் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லுக்கே வாயில் தண்ணீர் ஊறிவிட்டது, நாக்குக்கு அடியிலிருந்து, கன்ன ஓரத்திலிருந்து, எச்சில் உறிஞ்சுகிற குழாய் திடீரென்று சத்தமாக இழுத்தது, அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா குழாயைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அவருக்கு அது எச்சில். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். காது சூடாகிவிட்டது.

"இந்த ரெண்டாவதே போட்டுடுங்க டாக்டரம்மா, எதக் கடிச்சாலும் தாங்கும்னீங்களே, அது" என்று அண்ணி சொல்கிறார். கற்பகம் அண்ணி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களுக்குப் பக்கத்து வீடு. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறார், சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார், மற்ற நாளெல்லாம் எனக்கும் என் மகள் மிதுனாவுக்கும் அண்ணிதான். அண்ணி வண்டியில்தான் அரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தோம், முன்னால் மிதுனா நின்றுகொண்டு, பின்னால் நான். இப்போது சுவரோரம் ஸ்டூலில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருக்கிறார், எனக்குத் தலையைத் திருப்பினால்தான் தெரியும், திருப்பவில்லை. டாக்டரம்மா ஒரு பட்டையை எடுத்து என் பல்லோரம் பிடித்து நிறம் பார்க்கிறார், வரிசையாகப் பல் பல்லாக, வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும். "ரெண்டு மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருந்தா தனியா தெரியும். பக்கத்துப் பல்லுல இருக்கிற மாதிரி லேசா பழுப்புக் கோடு போட்டே செஞ்சு தரச் சொல்லலாம்" என்கிறார். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோர் பல்லிலும் அந்தக் கோடு உண்டு, அண்ணிக்கு என்னைவிட அதிகம். "காசு குடுத்துக் கறை வாங்குறதா டாக்டரம்மா? கறை வேணும்னா எங்க குழாயைத் திறந்தா போதுமே" என்று அண்ணி சொல்ல, டாக்டரம்மா சிரித்துவிட்டார், மிதுனாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அண்ணி இப்படித்தான், போகிற இடத்தையெல்லாம் சிரிக்க வைத்துவிடுவார், என்னையும் யாரும் ஒன்றும் கேட்காதபடிக்குப் பேச்சாலேயே மூடி வைத்துவிடுவார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். பல் உடைந்த அன்றைக்கும் அவர்தான் முதலில் பார்த்தார். ஐயையோ என்ன புள்ள ஆச்சு என்றார். சோத்துல கல்லு அண்ணி என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியவில்லை, மற்ற எதற்கும் வாய் வராத எனக்கு. அன்றிலிருந்து ரேஷன் அரிசியை அண்ணிதான் புடைக்கிறார். அவர் வீட்டு அரிசியும் என் வீட்டு அரிசியும். வாசல் வெயிலில் முறத்தோடு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி ஒரு டம்ளரில் போடுவார். பாரு புள்ள, இன்னைக்கு எட்டு என்று காட்டுவார். நான் அந்த டம்ளரைப் பார்ப்பேன். அந்தக் கற்களைப் பார்த்தும் எனக்கு வாய் ஊறும். இதை யாரிடம் சொல்வது.

"அது சரி, இந்த டெம்ப்ரவரி கேப் எப்படி விரிசல் விட்டுச்சு?" டாக்டரம்மா கழற்றின ப்ளாஸ்டிக் கேப்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனேனே." அண்ணி சொல்கிறார், "முறுக்கா இருக்கும் டாக்டரம்மா, முந்தா நாள் நான்தான் சுட்டுக் குடுத்தேன்." அந்த முறுக்கை நான் தொடவே இல்லை. நேற்றுப் பகல் பதினொரு மணி இருக்கும், பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள், அண்ணி ஆட்டுக்குத் தழை வெட்டப் போயிருந்தார், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் துவைத்தேன். டாக்டரம்மாகிட்ட நாளைக்குப் போகணும், வேண்டாம். கை தன்னால் சோப்பை வைத்துவிட்டு எழுந்தது. அடுப்படி அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. சிலேட்டில் எழுதுகிற பல்பம். சாம்பல் நிறக் குச்சி, ஒரு விரல் நீளம். நாக்கில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் நாக்கு அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மழை விழுந்த மண் சுவர் வாசம் வாய்க்குள்ளேயிருந்து மூக்குக்கு ஏறும். அப்போது கடிக்க வேண்டும். கடவாயால் கடித்தால் அந்தச் சத்தம் வராது. முன்பல்லால் கடித்தால்தான் வரும், கடக் என்று, மண்டைக்குள் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் எல்லாம். ருசி என்று ஒன்றும் கிடையாது அதற்கு. பாதிக் குச்சிக்குள் கேப்பும் கடக் என்றது, வேறு மாதிரி கடக். வாயைக் கொப்பளித்துவிட்டு மீதிப் பாதியையும் தின்றுவிட்டுத்தான் துணி துவைக்கப் போனேன். பாப்பா வயிற்றில் ஐந்து மாசமாக இருக்கும்போது ஆரம்பித்தது இது. முதலில் திருநீறு, யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை. பிறகு பச்சரிசி. பிறகு கடையில் பல்பம். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டது, நானே மறந்துவிட்டேன். போன ஜூன் மாசம் அவளை ஒண்ணாவதில் சேர்த்தோம், சிலேட்டும் ஒரு டப்பா பல்பமும் வாங்கினோம். மூடியைத் திறந்து அவள் கையில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். என் விரலில் அந்தத் தூள் ஒட்டியிருந்தது. விரலைச் சேலையில் துடைத்திருந்தால் இப்போது இங்கே படுத்திருக்க மாட்டேன். துடைக்கவில்லை, நக்கினேன்.

கடைக்கார அக்காவிடம் பாப்பாவுக்கு என்றுதான் சொல்லுவேன். வேறு யாருக்கு என்று சொல்வது. ரெண்டு நாளைக்கு ஒரு டப்பா. அந்த அக்கா ஒரு நாள் அண்ணியைப் பார்த்து, உங்க தம்பி புள்ள பல்பத்த எழுதுதா திங்குதா என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் சொன்னார்கள், தினம் குச்சி இல்லாமல் வருகிறாள், பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கவும் மாட்டேன் என்கிறாள், விரலை நனைத்து சிலேட்டில் எழுதுகிறாள் என்று. பையில் நான் வைத்து அனுப்புவேன், காலையில் வைப்பேன், வைத்துவிட்டு அவளுக்குத் தலை பின்னும்போது ஞாபகம் அந்தப் பையிலேயே இருக்கும், ஒன்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று எடுப்பேன், ரெண்டு இருந்ததா மூன்று இருந்ததா என்று எனக்கே தெரியாது, அவள் கிளம்பும்போது பை காலியாக இருக்கும். அண்ணி வந்து பாப்பாவை நிற்க வைத்துக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. கண்ணு, பல்பம் தின்னியா சொல்லு, அத்தை அடிக்க மாட்டேன். நான் திங்கல அத்தை என்றாள் மிதுனா. நான் அங்கேதான் நின்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கிவிடும் என்று பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கவே இல்லை. திங்காத பிள்ளைக்கு எதுக்குடி ரெண்டு நாளைக்கு ஒரு டப்பா என்று அண்ணி என்னைக் கேட்டார், அப்போது சொல்லியிருக்கலாம், அந்த ஒரு நிமிஷம் இருந்தது, நான் தெரியல அண்ணி என்றேன். வயிற்றில் பூச்சி இருந்தால்தான் மண் கேட்கும் என்று அண்ணி வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து கோலிக்குண்டு மாதிரி உருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றில். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அண்ணி ஒரு கையால் தாடையைப் பிடித்து, மூக்கப் புடி மேகலா, மூக்கப் புடிச்சா தன்னால திறக்கும் என்றார். பிடித்தேன். நான்தான் பிடித்தேன். இந்த ரெண்டு விரலால்தான். அது சின்ன மூக்கு, வழுக்கியது, இறுக்கிப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் பிடித்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவளே வந்து நின்று வாயைத் திறந்தாள், அண்ணி பாருடி என் தங்கத்த என்று கொஞ்சினார். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, அதற்கு முன்னாலேயே தெரியும். ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், கையில் ஒரே ஒரு பல்பம்தான் இருந்தது. அதை ரெண்டாக உடைத்தாள். ஒரு பாதியில் எழுதினாள். இன்னொரு பாதியை அடுப்பு மேடையில், என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய்விட்டாள். மறந்து வைத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அதையும் தின்றேன்.

"கீழ்ப்பல்லப் பாருங்க, இதுவும் தேஞ்சிருக்கு" என்கிறார் டாக்டரம்மா. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு அண்ணிக்குக் காட்டுகிறார், அண்ணி எழுந்து வந்து குனிகிறார், ரெண்டு முகமும் என் வாய்க்கு மேலே. என் வாய்க்குள் இரண்டு பேர் நிற்கிற மாதிரி இருக்கிறது. "இவங்க வயசுக்கு இவ்வளவு தேயக் கூடாது. ஒரு தடவ கல்லு கடிச்சதால வர்றது இல்ல இது. தினமும் எதையோ கடிச்சாத்தான் வரும். குண்டூசி, பாட்டில் மூடி, நூல், எதையாச்சும் பல்லுல வைக்கிற பழக்கம் உண்டா மேகலா? தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா? எதுக்குக் கேக்கறேன்னா, அதப் பொறுத்துத்தான் எந்த கேப்புன்னு முடிவு பண்ணணும். தெரியாம நான் கண்ணாடி மாதிரி இருக்கறதப் போட்டு ஒரே மாசத்துல உடைஞ்சிடுச்சுன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்." தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன், இல்லை என்று. தலை ஆட்டுவது பொய் சொன்ன கணக்கில் வராது என்று சின்ன வயசில் நினைத்துக்கொள்வேன், அதே மாதிரி. தூக்கத்தில் கடிக்கிறேன் என்று சொல்லிவிடலாமா. தூக்கத்தில் செய்ததற்கு யார் என்ன கேட்க முடியும். அது நல்ல பதில், ஏன் முன்னாலேயே தோன்றவில்லை. சொல்ல வாயை அசைக்கும்போது அண்ணி பேசிவிட்டார். "இவ என்னத்தக் கடிக்கப் போறா டாக்டரம்மா, வாயத் தொறந்தா காத்துதான் வரும். கடிக்கிறது எல்லாம் இந்தக் குட்டிதான். பல்பத்தத் திங்குது. டப்பா டப்பாவா. வேப்பங்கொழுந்து குடுத்துப் பாத்துட்டேன், நிக்கல. வந்ததோட வந்தது, இது பல்லையும் கொஞ்சம் பாத்துடுங்க, இதுவும் அம்மா மாதிரி ஆயிடப் போகுது." வேண்டாம் அண்ணி என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா தெரியவில்லை. டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டு சிரித்தபடி பாப்பாவைத் தூக்கி, நான் படுத்திருக்கிற நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார வைத்தார், என் தோளில் அவள் பாவாடை படுகிறது, அவள் உடம்புச் சூடு தெரிகிறது. ஆ காட்டு பாப்பா. மிதுனா ஆ காட்டினாள். பழகின பிள்ளை மாதிரி உடனே காட்டினாள். விளக்கு என் முகத்திலிருந்து அவள் முகத்துக்குத் திரும்பியது, ஒரு நிமிஷம் நான் இருட்டில் இருந்தேன், அது நன்றாக இருந்தது.

"இவ திங்கலையே" என்கிறார் டாக்டரம்மா. சாதாரணமாகத்தான் சொன்னார். "பால்பல்லு ரொம்ப மெல்லிசு. டப்பா டப்பாவா பல்பம் கடிச்சா முனையெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். இங்க பாருங்க, ஒவ்வொண்ணும் அரிசி மாதிரி அப்படியே இருக்கு. கீழ ஒண்ணு ஆடுது, அது விழுற வயசு, விழட்டும். யாரு சொன்னாங்க இவ திங்கறான்னு?" எச்சில் குழாய் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அண்ணி எதையோ எண்ணுகிற மாதிரி மெதுவாக மூச்சு விடுகிறார், டப்பாக்களை எண்ணுகிறாரோ, வெள்ளிக்கிழமைகளை எண்ணுகிறாரோ. நான் மேலே விளக்கைச் சுற்றி இருக்கிற கறுப்பு வளையத்தையே பார்க்கிறேன். இப்போதும் தப்பித்துவிடலாம். டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி தேயுமா என்று அண்ணியே வீட்டுக்குப் போகிற வழியில் சொல்வார், நான் ம் போட்டால் போதும், முடிந்துவிடும். அப்போது மிதுனா சொன்னாள், "நான்தான் திங்கறேன் டாக்டர். நெறைய திங்கறேன்." பாடம் ஒப்பிக்கிற குரலில், தப்பு வரக்கூடாது என்கிற மாதிரி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஐந்தரை வயசு. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க எனக்கு என்ன இருக்கிறது. நான் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன் அல்லவா, அப்படித்தான் அவள் எதிரே இருக்கிற கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாயைக் கையால் பிடித்து வெளியே எடுத்தேன். அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாது, எடுத்துவிட்டேன், தண்ணீர் கழுத்தில் ஒழுகியது. "நான்தான்" என்றேன். சீவின பல் வழியே காற்றுதான் முக்கால்வாசி வந்தது. "பாப்பா இல்ல. நான்தான் திங்கறேன். அவ வயித்துல இருக்கறப்பலேருந்து. இவ பையில இருந்ததும் நான்தான் எடுத்தேன். நேத்தும் தின்னேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், நகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ரத்தமே இல்ல. டெஸ்ட் எழுதித் தர்றேன், மாத்திரை போட்டா இந்த ஆசை தன்னால குறையும். உங்கள மாதிரி நிறைய பேர் வர்றாங்க, யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல." நிறைய பேர் என்றால் ஆறுதலாக இருக்கும் என்று சொன்னார் போல. நிறைய பேர் தின்னுவார்கள். நிறைய பேர் மூக்கைப் பிடித்திருப்பார்களா. அது ரத்தம் இல்லாததால் வந்தது என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தர மாட்டார்கள். அண்ணி, "கல்லுன்னியேடி" என்றார். பிறகு, "மூணு மாசமா ரெண்டு வீட்டு அரிசியவும் புடைக்கிறேன்" என்றார், சிரிக்க வருகிற மாதிரி ஆரம்பித்து சிரிப்பு வராமல் நின்றது. பாப்பாவைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினார், பாதியில் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கை அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை, அதுவும் நான் செய்ததுதான். "அப்ப யோசிக்கவே வேணாம், ஜிர்கோனியாவே போட்டுடலாம்" என்று டாக்டரம்மா தட்டிலிருந்து நடுவில் இருந்ததை எடுத்தார். "பழக்கம் உடனே நிக்காது. இதுன்னா நீங்க என்ன கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது." நல்லதுக்குத்தான் சொல்கிறார். நானும் பார்த்தேன் அதை, மொத்தையாக, வெள்ளையாக, உறுதியாக. ஒன்றும் ஆகாது. இன்றைக்கு அழுதுவிட்டு இன்னும் பத்து நாளில் கடைக்குப் போவேன், என்னை எனக்குத் தெரியும், வேறு கடைக்குப் போவேன், கடிப்பேன், ஒன்றும் ஆகாது, இருபது வருஷம் கடிப்பேன், பல் அப்படியே இருக்கும், யாருக்கும் தெரியாது, இவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும், இவள் பார்க்காத மாதிரி அலமாரியைப் பார்த்துக்கொண்டே வளர்வாள். "வேணாங்க" என்றேன். யாரிடமும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. "அந்தக் கண்ணாடி மாதிரி இருக்கறது. அதப் போடுங்க." அழகுக்கு ஆசைப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்களோ, இந்த நிலைமையிலும் இவளுக்குப் பல் அழகு கேட்கிறது என்று. நினைத்தால் நினைக்கட்டும். "அது கடிச்சா உடையும் மேகலா, இப்பத்தானே சொன்னேன்." "உடையட்டுங்க." "ஏ புள்ள, உடைஞ்சா மறுபடியும் இங்கதான் வரணும், விளையாட்டா?" என்றார் அண்ணி. நான் முதல் முறையாகத் தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தேன். சீவின பல்லோடு, வாயை மறைக்காமல். "உடைஞ்சா என்னைக் கேளுங்க அண்ணி. பாப்பாவக் கேக்காதீங்க. கேப் உடைஞ்சிருந்தா நான் தின்னிருக்கேன்னு அர்த்தம்." தைரியமாகச் சொன்னதாக இல்லை. திருடி மாட்டினவள் போலீஸ்காரரிடம் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது. டாக்டரம்மா ஜிர்கோனியாவைத் தட்டில் வைத்துவிட்டு, சீட்டில் எழுதினார். பழுப்புக் கோடு போடவா என்று கேட்டார். போடுங்க என்றேன், பக்கத்துப் பல் மாதிரியே இருக்கட்டும்.

கேப் கடியில் சரியாகப் பொருந்த கீழ்வரிசைக்கும் அளவு வேண்டுமாம், முதலில் அதுதான். ஒரு ரப்பர் கிண்ணத்தில் அச்செடுக்கிற மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு வேகமாகக் குழைக்கிறார், வாசம் வருகிறது, அதே வாசம், ஈர மண், ஈரச் சுவர். எனக்கு இந்த நிமிஷம்கூட வாய் ஊறுகிறது. இவ்வளவு பேசின பிறகும். பேசினால் போய்விடும் என்று எங்கேயோ நினைத்திருக்கிறேன் போல, போகவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது, அவமானம் ஒரு பக்கம், ஊறுகிற எச்சில் ஒரு பக்கம், ரெண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி. மாவு ரொம்பின தட்டை வாய்க்குள் அழுத்தி வைத்து, மூக்கால மூச்சு விடுங்க, ரெண்டு நிமிஷம் அசையாம இருங்க, கெட்டியானதும் எடுத்துடறேன் என்று டாக்டரம்மா கை கழுவப் போனார். அண்ணி ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. நாக்கு அடியில் அடைபட்டு, குளிர்ந்த மாவு ஓரத்தில் வழிந்து பின்னால் இறங்குகிறது, நாக்கு நுனி அதைப் போய்த் தொட்டது, நான் அனுப்பவில்லை, தன்னால் போய்த் தொட்டது. நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த மிதுனா குனிந்தாள். இப்போது திரும்பி என்னைத்தான் பார்க்கிறாள், கண்ணையல்ல, வாயை, மாவு வழிகிற ஓரத்தை. அண்ணிக்குக் கேட்காத குரலில், என் காதோரம், "முழுங்கிடாதம்மா" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கையை மெதுவாகத் தூக்கி, அவள் காலைப் பிடித்துக்கொண்டு, மாவு கெட்டியாகும் வரைக்கும் மூக்கால் மூச்சு விட்டபடி கிடந்தேன்.